ரூட்டர் பிட்டு பரிசீலனையில் இருக்கிறது

இனி செத்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் சகலை வீட்டுப் படி ஏறுவதில்லை என்று பரிசீலனையார் முடிவெடுத்தபோது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தவம் ஒன்றுமில்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மூலை அவர் இடுப்பெலும்பைப் பார்த்து அப்படி ஒரு இடி இடித்திருந்தது. வலி வந்தால் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். அவருக்கு யோசனை வந்தது.

பரிசீலனையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அலுவலகம் வைத்த பெயர். அங்கே அவர் கண்காணிப்பாளர். தன் மேசைக்கு வந்த எந்த விண்ணப்பத்தையும் அவர் மறுத்தது கிடையாது. சம்மதித்ததும் கிடையாது. "பரிசீலனையில இருக்கு" என்பார், அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டவர் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து வந்து எட்டிப் பார்த்தாலும் கோப்பு அதே இடத்தில் அதே தூசியோடு இருக்கும். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி பல் மருத்துவமனையில் உதவியாளர். காலை முதல் மாலை வரை அந்த அம்மாளுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்துவிட்டு, நாற்காலியைக் கண்டதும் நாளைக்கு வருகிறேன் என்று நழுவப் பார்ப்பவர்களை உட்கார வைப்பதுதான். வீட்டில் அடுப்பை அணைக்கவில்லை என்பார்கள். அத்தை சாகக் கிடக்கிறாள் என்பார்கள். இந்த அம்மாள் யாரோடும் வாதாட மாட்டார். "ஆமாங்க, நியாயம்தாங்க" என்று தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே நாற்காலியைச் சாய்த்துவிடுவார். இந்த விவரம் பரிசீலனையாருக்கும் தெரியும். தெரிந்தும் அவரிடமே போய் வாலாட்டினாரே, அதைத்தான் விதி என்கிறோம்.

சகலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மனிதரின் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவர் ஒரு வீடு கட்டியிருக்கிறார். உலகத்தில் எல்லோரும்தான் கட்டுகிறார்கள். கட்டிவிட்டுக் குடிபோய்விடுகிறார்கள். இவரோ கட்டி முடித்த வீட்டை வாயால் மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் பரிசீலனையாரை எதிரே உட்கார வைத்து அஸ்திவாரம் தோண்டத் தொடங்குவார். மண் எப்படி இருந்தது, கொத்தனார் எப்படி ஏமாற்றப் பார்த்தார், இவர் எப்படிக் கையும் களவுமாகப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் கதை ஜன்னல் மட்டத்தைத் தாண்டியதில்லை. போன வாரம் எதில் விட்டோம் என்று கேட்பார். பரிசீலனையார் திருதிருவென்று விழிப்பார். சரி, முதலிலிருந்தே வருவோம் என்று மறுபடி கடப்பாரையைத் தூக்குவார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அலுவலகத்தில் பழகியிருந்ததால்தான் நம்மவர் ஒவ்வொரு வாரமும் உயிரோடு திரும்பினார்.

ஆக, வாரத்துக்கு ஒரு ஞாயிறு. அது முழுசாகத் தனக்கே வேண்டும். சோபாவில் காலை நீட்டிப் படுத்து, வயிற்றின்மேல் டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு, யார் வீட்டு அஸ்திவாரத்திலும் விழாமல் ஒரு பகல் கழிய வேண்டும். பாவம், பேராசை என்று சொல்ல முடியுமா இதை?

இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மேசை குடிவந்த அன்றிலிருந்தே இடிக்கிறது என்றும், ஒதுங்கி நடக்க வேண்டியது மனிதர்தான் என்றும் சொன்னார். அந்த மேசை அக்காவும் சகலையும் புது வீட்டுக்குக் கொடுத்த பரிசு. வைரம் பாய்ந்த கெட்டி மரம். நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். ஓரமெல்லாம் கத்தி.

"இந்த ஓரத்தை நானே மழுக்கப்போறேன்" என்றார் பரிசீலனையார்.

"மழுக்குங்க. அந்த மெஷினைத்தான் பரண்ல போட்டு வச்சிருக்கீங்களே, அதுவும் எத்தனை நாள்தான் தூங்கும்."

ஏதோ ஒரு கண்காட்சியில் ஆர்வக் கோளாறில் வாங்கி வந்த, மரத்தின் ஓரம் செதுக்கும் ரூட்டர் மெஷின் அது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் காத்திருந்ததும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். மெஷின் இருந்தால் போதுமா, பிட்டு வேண்டாமா என்று ஆரம்பித்தார். அந்த மெஷின் பம்பரம்போலச் சுற்றுமாம். அதன் வாயில் பொருத்துகிற வெட்டும் முனைக்குத்தான் பிட்டு என்று பெயராம். அதன் அடியில் குட்டியாக ஒரு பேரிங் சக்கரம் இருக்குமாம். அது மரத்தின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே உருள, மேலே உள்ள அலகு கூர்மையை வழித்து ஓரத்தை உருட்டிவிடுமாம். பிட்டில் நூறு வகை. தப்பான பிட்டைப் போட்டால் மரம் பிசிறும், கருகும், அக்கா கொடுத்த பரிசு நாசமாகும்.

"அதனால எந்த பிட்டுன்னு நிதானமா உக்காந்து யோசிக்கணும். எனக்குன்னு இருக்கறது ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். இந்த வாரம் நீ மட்டும் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். ஆமாங்க, நியாயம்தாங்க என்றார்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு, இன்னொரு செருப்பை மாட்டாமல் சோபாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தூசி தட்டவில்லையே என்று பார்க்கிறாள் போல என்று நினைத்தார் நம்மவர். கதவு சாத்தியதும் மனிதர் சோபாவில் விழுந்த வேகத்தில் ஸ்பிரிங் ஒன்று முனகியது. ஆகா, அதுவல்லவோ ஞாயிறு. தூங்கினார். எழுந்து காபி போட்டுக் குடித்தார். குடித்த களைப்பு தீரத் தூங்கினார். சாயங்காலம் மனைவி வாடிய முகத்தோடு திரும்பி வந்து, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, பிட்டு முடிவாயிற்றா என்று கேட்டபோது, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடு எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

"பரிசீலனையில இருக்கு."

ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் அலையவும் வேண்டுமே. மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு தட்டு நிறைய பிட்டுகளைப் பரப்பி வைத்தார். மூன்று மில்லி, ஆறு மில்லி, பன்னிரண்டு மில்லி என்று வளைவின் அளவு வேறு வேறு. இரும்பு அலகு ஒரு பக்கம், இரும்பைவிடக் கெட்டியான கார்பைடு அலகு ஒரு பக்கம். நம்மவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சொன்னதும், அப்படியானால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அந்த வாரம் தினமும் போய்க் கேட்டார். கடைசியில் அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர் குனிந்து கல்லாவுக்கு அடியில் ஏதோ தேட ஆரம்பித்தார். பரிசீலனையார் ஒரு பிட்டையும் வாங்கவில்லை. வாங்கினால் ஆராய்ச்சி முடிந்துவிடுமே, அப்புறம் ஞாயிறுக்கு எங்கே போவது?

அடுத்த சனிக்கிழமை, வளைவு எந்த அளவு என்பதில்தான் சிக்கல் என்று அறிவித்தார். சின்னதாகப் போட்டால் மறுபடி இடிக்கும். பெரிதாகப் போட்டால் மேசை சோப்புக்கட்டி போலாகிவிடும். இதை ஒரு நாளில் முடிவு செய்ய முடியாது. மனைவி மறுபேச்சுப் பேசாமல் தனியாகப் போய்விட்டு வந்தார். போகும்போது மறுபடி அந்தச் சோபாவைப் பார்த்தார்.

திங்கட்கிழமை மாலை மனைவி, பல் செட்டுக்கு அச்செடுக்கும் மெழுகில் செய்த மூன்று கட்டிகளோடு வீடு திரும்பினார். மூன்றிலும் ஓரம் உருட்டப்பட்டிருந்தது. மூன்று மில்லி, ஆறு மில்லி, பன்னிரண்டு மில்லி. எல்லாம் அளந்து செதுக்கியது. அவற்றை மேசை உயரத்தில் பிடித்துக்கொண்டு, வந்து இடியுங்கள் என்றார்.

"என்னது?"

"இடுப்பால இடிங்க. எது வலிக்கலையோ அதான் நமக்கு. இதுக்குப் போய் ஏன் ஞாயித்துக்கிழமையை வீணாக்கணும்?"

அலுவலகத்தில் ஐம்பது பேரை ஆட்டிப்படைக்கும் கண்காணிப்பாளர், வரவேற்பறையில் மெழுகுக் கட்டியைப் பார்த்துப் பக்கவாட்டில் நடந்து வந்து இடித்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று மில்லி சுருக்கென்றது. பன்னிரண்டு இதமாகத்தான் இருந்தது, ஆனால் மேசை அழகு போய்விடும் என்று அவரே சொல்லித் தொலைத்திருக்கிறார். நடுவில் உள்ளதைத் தள்ளுவதற்கு ஒரு காரணமும் சிக்கவில்லை. ஆறு மில்லி என்று ஒப்புக்கொண்டார்.

அதனால் என்ன, ஒரு கோப்பில் ஒரு பக்கம்தானே நகர்ந்தது. இரும்பு அலகா கார்பைடா என்று அடுத்ததைக் கிளப்பினார். மனைவி சிரித்தே விட்டார்.

"எங்க டாக்டர் பல்லையே கார்பைடு வச்சுத்தான் குடையறார். பல்லைவிடவா உங்க மேசை கெட்டி?"

கருகுமே என்றார். ஒரே இடத்தில் வைத்துத் தேய்த்தால் எதுவும்தான் கருகும், கையை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும் என்றார் அந்த அம்மாள். பிசிறுமே என்றார். முதலில் லேசாக ஒரு தடவை, அப்புறம் முழு ஆழத்துக்கு ஒரு தடவை, அவசரப்படாமல் வெட்டினால் எதற்குப் பிசிறுகிறது என்றார். பேச்சு இப்படிக் கழுத்துக்கு வந்ததும் பரிசீலனையாருக்கு வியர்த்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் மேசையிலிருந்து ஒரு கோப்பும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. ஆனாலும் அனுபவசாலி அல்லவா. சட்டைப் பைக்குள் எப்போதும் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருப்பார். எடுத்து விட்டார்.

"எல்லாம் சரி. ஆனா ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. புது பிட்டை நேரா நல்ல மரத்துல வைக்கவே கூடாது. அதே மரத்துத் துண்டுல நாலு தடவை ஓட்டிப் பாத்து, கை பழகினப்புறம்தான் மேசையைத் தொடணும். வேற மரத்துல பழகினா பிரயோஜனம் இல்ல. இந்த மேசையோட மரத்துண்டுக்கு நான் எங்க போவேன்? கிடைக்கற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

போதாதற்கு, மெஷின் போடுகிற சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்தார். கீழ்வீட்டுக்காரர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் தூக்கத்தைக் கெடுக்கலாமா? இந்தக் கட்டடத்தில் அந்த மெஷினை ஓட்டுவது மனிதத்தன்மையா?

மனைவி இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

"ஆமாங்க, நியாயம்தாங்க. அதே மரம் வேணும். சத்தம் போட்டா யாரும் கேக்காத இடம் வேணும். இந்த ரெண்டும் கிடைச்சுட்டா ஆரம்பிச்சுடுவீங்க இல்ல?"

"கிடைச்சா அடுத்த நிமிஷமே. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் பரிசீலனையார், பெருந்தன்மையோடு.

நாற்காலி சாய ஆரம்பித்துவிட்டது. மனிதருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறும் மனைவி தனியாகத்தான் போனார். நம்மவர் அன்றைக்குத் தூக்கத்தில் புதிய சிகரங்களைத் தொட்டார். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்த மனைவியின் முகம் வாடியிருக்கவில்லை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் கைப்பையை மாட்டினார். பிட்டு என்னாயிற்று என்று கேட்கவும் இல்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்கள். பரிசீலனையார் அக்கா வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை. சோபாவில் தலையணையைத் தட்டிப் போட்டு, ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி காபியை நீட்டினார். காபித் தட்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்து பார்த்தார். ஆறு மில்லி, கார்பைடு அலகு, அடியில் பேரிங். பளபளவென்று கண் சிமிட்டியது.

ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்தாராம். இன்னார் வீட்டுக்கு என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, சீக்கிரம் எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா என்று சொன்னாராம்.

"பிட்டு வந்துட்டா போதுமா?" என்றார் பரிசீலனையார், இன்னும் தைரியம் விடாமல். "அதே மரம்..."

"கிடைச்சுடுச்சுங்க." மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அத்தான் எப்பவும் வீடு கட்டின கதையை ஜன்னலோட நிறுத்திடுவாரு இல்ல? நீங்க எங்க விட்டோம்னு சொல்ல மாட்டீங்க, அவரும் முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. இந்த மூணு வாரமா நான்தானே எதிர்ல உக்காந்திருந்தேன். ஜன்னல்ல விட்டீங்க அத்தான்னு எடுத்துக் கொடுத்தேன். மனுஷர் கண் கலங்கிட்டாரு. கடகடன்னு போயி போன வாரம் மாடிப்படிக்கு வந்துட்டாரு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தப் படி கெட்டி மரம். படிக்கு வாங்கின பலகையில மிஞ்சினதுலதான் நம்ம மேசையைச் செய்யச் சொல்லிக் கொடுத்தாராம். அவங்க கடையில வாங்கிக் கொடுத்ததுன்னு நாம நினைச்சுட்டிருக்கோம். செஞ்சது போக இன்னும் துண்டு துண்டா ஒரு கொட்டகை நிறைய கிடக்கு. அதே மரம். அவங்க வீட்டைச் சுத்தி வேற வீடே இல்ல, சத்தம் போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

பரிசீலனையார் காபியைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தபடி நின்றது. திறந்த வாயைக் கண்டால் மனைவி அத்தோடு விடுகிறவரா?

"அந்தப் படியிலயும் ஓரம் உருட்டாமலே தச்சர் போயிட்டாராம். அக்கா ஏறி இறங்கறப்பல்லாம் காலைச் சீவிக்கறாங்க. உங்க மெஷின் விஷயத்தைச் சொன்னேன். அத்தானுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. முதல்ல துண்டு மரத்துல கை பழகிக்கோங்க. அப்புறம் படி. படி முடிச்சுட்டீங்கன்னா அப்புறம் நம்ம மேசை. நீங்கதானே சொன்னீங்க, கை பழகாம மேசையைத் தொடக்கூடாதுன்னு."

படி எத்தனை நாளாகும் என்று ஈனக்குரலில் கேட்டார்.

"வாரத்துக்கு ஒரு படிக்கு மேல முடியாதுன்னு அத்தானே சொல்லிட்டாரு. ஒவ்வொரு படியும் எப்படி வந்துச்சுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருப்பாராம். நீங்க மாடிக்குப் போய்ச் சேரும்போது கதையும் மாடிக்கு வந்துடும்."

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. சகலையே நேரில் வந்துவிட்டார். மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவு திறந்திருந்தது. "வாங்க சகல, வாங்க" என்று வீட்டுக்காரரையே வரவேற்றுக்கொண்டு உள்ளே வந்தார் அவர். முகமெல்லாம் பல். இத்தனை நாள் நீங்கள் வராமல் வீடே நிறைவாக இல்லை என்றார். பரண் எங்கே என்று கேட்டு, ஏறி, மெஷின் பெட்டியை அவரே இறக்கித் துடைத்து, நம்மவர் கையில் ஒரு குழந்தையைப் போலக் கொடுத்தார். முதல் படிக்குப் பலகை வந்த அன்றைக்கு என்ன மழை தெரியுமா என்று அங்கேயே ஆரம்பித்தும் விட்டார்.

தப்பிக்க ஒரு சந்து இருக்கிறதா என்று பரிசீலனையார் சுற்றும் முற்றும் பார்த்தார். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சொந்த வாயால் சொன்னது. மரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பிட்டும் காபித் தட்டில் வந்துவிட்டது. மனிதனுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம். கஷ்டமோ நஷ்டமோ, கூட மனைவியும் வருவாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தால் நடுநடுவே காபியாவது கிடைக்கும்.

"சரி, நீயும் சீக்கிரம் கிளம்பு" என்றார்.

மனைவி கிளம்பவில்லை. மெதுவாக எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவர் தட்டிப் போட்டிருந்த தலையணையைத் தலைக்கு இழுத்து வைத்தார். காலை நீட்டினார். ரிமோட் சோபா இடுக்கில்தான் இருந்திருக்கிறது, எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டு முழித்தவர் பரிசீலனையார் மட்டும்தானா? சமையலறையில் அக்கா எதிரே நின்றுகொண்டு, உன் தலைமுடி ஏன் இப்படிப் போயிற்று, உன் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம், நீ ஏன் இப்படி இளைத்தாய், நீ ஏன் இப்படிப் பருத்தாய் என்று ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டு வந்த ஒரு ஜீவனும் உண்டு என்பது பரிசீலனையாருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. செருப்பை மாட்டாமல் சோபாவை அப்படிப் பார்த்தது தூசிக்காக இல்லை.

மெஷினைச் சுமந்துகொண்டு பின்னோக்கி நகர்ந்தார். மேசையின் மூலை சரியாக அதே இடுப்பில், அதே எலும்பில் இடித்தது. இந்தத் தடவை ஒற்றைக் காலில் நிற்கக்கூட நேரமில்லை, சகலை தோளில் கைபோட்டு இரண்டாவது படியின் கதைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று வாசலிலிருந்து பரிதாபமாகக் கேட்டார்.

மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க மாடிப்படிக் கைப்பிடிக்கு எந்த பிட்டு சரியா வரும்னு வீட்ல உக்காந்து பரிசீலனை பண்ணிட்டிருக்கேன்னு சொல்லுங்க."